தூக்கினவன்தான் இறக்கணும்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் மாலை நாலரை மணிக்கும் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. லாரி மேலிருந்தவர் சுக்கு மூட்டையைச் சரித்துக் கொடுக்க, கீழே நின்ற சுமட்டுத் தொழிலாளி தலைக்கும் தோளுக்குமாக வாங்கிக்கொண்டு கிடங்குக்குள் போனார். போன இடத்தில் பொத்தென்று போடவில்லை. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, மூட்டையின் அடி தரையைத் தொட்ட பிறகுதான் கையை விட்டார்.

"இதைப் பார்த்துட்டுத்தான் மேல வரணும்" என்றார் மாடியில் குஸ்தி சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். "எங்க வாப்பா இதே தெருவுல முப்பது வருஷம் சுமந்தவர். குஸ்தியில நான் சொல்லிக்கொடுக்கிறதுல பாதி அவர்கிட்ட பார்த்தது."

கோயம்புத்தூரில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் தயங்காமல் வருகிறது. பிள்ளைகளிடம் மட்டும் மலையாளம். அவர்களுக்கு அவர் 'மாஷ்'.

பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் ஓட்டுக்கூரைக்குக் கீழே நீல நிற மேட் விரித்திருந்தது. போட்டிக்கான மேட் பன்னிரண்டு மீட்டர் சதுரம், நடுவில் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம். இங்கே இருப்பது அதில் பாதிகூட வராது. இருபது பிள்ளைகள் வரிசையில் நின்று இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார்கள். மாஸ்டர் ஒவ்வொரு நகமாகத் தடவிப் பார்த்தார். நகவெட்டியை எடுத்து ஒரு பையன் கையில் கொடுத்தார். இன்னொருவனின் கழுத்தைத் திருப்பி, வட்டமாகச் சிவந்திருந்த இடத்தைப் பார்த்து, "படர்தாமரை. மருந்து போட்டு ஆறினதுக்கு அப்புறம் வா மோனே" என்று உட்காரவைத்தார். கொச்சியின் புழுக்கத்தில் ஒரு பையனின் தோல்நோய் ஒரே வாரத்தில் மொத்த வகுப்புக்கும் பரவிவிடும். அதனால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் மேட்டைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்கள். துடைப்பது பிள்ளைகளே, முறை வைத்து.

முதல் மூன்று மாதம் யாருக்கும் பிடி கிடையாது. விழுவது மட்டும்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டவை, மூச்சை வெளியே விடு, முதுகை வளைத்து உருள். முக்கியமாக, கையை ஊன்றாதே. விழுகிற எவனும் தன்னையறியாமல் கையை நீட்டி ஊன்றத்தான் பார்ப்பான். மொத்த எடையும் விறைத்த அந்தக் கையில் இறங்கினால் மணிக்கட்டு உடையும், இல்லையென்றால் முழங்கை மூட்டு விலகும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பத்துமுறை விழுந்தான். பத்துமுறையும் கை முன்னால் போயிற்று. மாஸ்டர் திட்டவில்லை. அவன் இரண்டு கையிலும் ஒரு துண்டைக் கொடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொள்ளச் சொன்னார். பதினோராவது முறை சுருண்டு உருண்டு எழுந்தான். எழுந்தவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

பெரிய பிள்ளைகளின் முறை வந்தது. இரண்டு பேர் மோதினார்கள். ஒருவன் எதிராளியின் கையைத் தோளுக்கு மேல் இழுத்து, இடுப்பைத் திருப்பி, முன்பக்கமாக வீசினான். வடக்கே இதை 'தோபி பச்சாட்' என்பார்கள். வண்ணார் துணியைத் தோளுக்கு மேல் சுழற்றிக் கல்லில் அடிப்பது போன்ற வீச்சு. இங்கிருந்து கொஞ்சம் தூரத்தில், ஃபோர்ட் கொச்சியின் 'வெளி' என்னும் இடத்தில், தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். காலையில் அங்கே துணி கல்லில் விழும் ஓசையைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். மேட்டில் கேட்டது வேறு ஓசை, மிக மெல்லியது. வீசியவன் கடைசி வரை எதிராளியின் கையை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருந்ததால் முதுகு அறையாமல் படிந்தது.

"துணியை அடிக்கலாம், பையனை அடிக்க முடியுமா?" என்றார் மாஸ்டர். "தூக்கினவன்தான் இறக்கணும். கீழ கிடக்கிறவன் பத்திரமா இருக்கானான்னு பார்க்கிற பொறுப்பு மேல இருக்கிறவனுக்கு. இது வராதவனை நான் போட்டிக்குக் கூட்டிட்டுப் போறதில்லை, அவன் எத்தனை பலசாலியா இருந்தாலும்."

பிடியில் சிக்கியவன் விரலால் இரண்டு தட்டு தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும் என்பது இங்கே மாறாத விதி. ஒருத்தி அரை நொடி தாமதித்தாள். அன்றைக்கு அவளுக்குப் பயிற்சி முடிந்தது.

மட்டாஞ்சேரி என்றாலே மலையாள சினிமாவுக்குக் கூலிக்கு அடிக்கும் 'கொட்டேஷன்' கும்பல்தான். அந்தப் பேச்சு எடுத்ததும் மாஸ்டரின் குரல் மாறியது. குஸ்தி கற்றால் பிள்ளை ரவுடியாகிவிடுவான் என்று சொல்லிப் பிள்ளைகளை நிறுத்தும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்களாம். இந்தத் துறைமுகத்தில் அடிதடி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். ஒரு காலத்தில் கங்காணிகள் 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்தை நோக்கி எறிவார்கள். கையில் வில்லை சிக்கியவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. ஒரு வில்லைக்காகத் தொழிலாளிகள் ஒருவர்மீது ஒருவர் விழுந்து புரண்டார்கள். அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள். வில்லைக்காகப் புரண்டதும் உடம்போடு உடம்பு மோதியதுதான். ஆனால் அங்கே நடுவர் இல்லை, வட்டம் இல்லை, விழுந்தவனைத் தூக்கிவிட ஒரு கை இல்லை. மேட்டின் மேல் மூன்று நிமிடம், முப்பது நொடி ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டிரண்டு நிமிடம். அதற்குள் ஒரு பிள்ளை தன் கோபத்தை என்ன செய்வது என்று கற்றுக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு பாடவேளை இல்லையே என்பது என் வருத்தம்.

மூலையில் ஓர் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. மாதம் ஒருமுறை ஏற்றுகிறார், வளர்த்தி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும். எடை குறைத்துக் கீழ்ப் பிரிவில் இறங்குவது அவரிடம் நடக்காது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் 50 கிலோ இறுதிப்போட்டி நாளன்று வினேஷ் போகாட் வெறும் 100 கிராம் கூடியதால் தகுதியிழந்தார். முந்தைய இரவு முழுக்க வியர்க்க வைத்து, முடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1997இன் கடைசி இரண்டு மாதத்தில் கல்லூரி வீரர்கள் மூன்று பேர் இப்படி எடை குறைக்கும்போதே இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதி மாறியது. "வளர்ற பிள்ளையைப் பட்டினி போட்டு எனக்கு ஒரு பதக்கம் வேணுமா?" என்றார்.

பயிற்சி பெறும் இருபது பேரில் ஏழு பேர் பெண்கள். 2023இல் டெல்லி ஜந்தர் மந்தரில் நாட்டின் முன்னணி வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக உட்கார்ந்தபோது, இங்கே தாய்மார்கள் மகள்களை நிறுத்திவிட வந்தார்கள். அவர் அவர்களோடு வாதாடவில்லை. கதவு எப்போதும் திறந்திருக்கும், எந்த அம்மாவும் எப்போதும் உள்ளே வந்து உட்காரலாம், பெண் பிள்ளைகளுக்குப் பிடியை மூத்த பெண்தான் செய்துகாட்டுவாள் என்று சொல்லி, சொன்னபடியே நடத்துகிறார். அன்றும் சுவரோரம் இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நம் புறநானூற்றில் சாத்தந்தையார் ஒரு மற்போரைப் பாடியிருக்கிறார். ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்துகிறான். நெஞ்சில் ஒரு காலை மடித்து ஊன்றியதையும் மற்றொரு கால் எதிராளியின் தந்திரத்தைத் தடுத்ததையும் கண்ணால் பார்த்தவரைப்போலச் சொல்லும் புலவர், இதை அவன் தந்தை தித்தன் காணவேண்டும் என்கிறார். அதை மாஸ்டரிடம் சொன்னேன். பேசாமல் வாசலைக் காட்டினார்.

கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் படியேறி வந்து நிலைப்படியில் நின்றிருந்தார். தோளில் சுக்குத்தூள் படிந்த தோர்த்துத் துண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார். மேட்டில் அவர் மகன் தன்னைவிட இளைத்த ஒருவனை இடுப்போடு தூக்கிவிட்டான். ஒரு கணம் அவனைக் காற்றில் வைத்திருந்தான். பிறகு முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, மெல்ல இறக்கினான்.

அப்பா தோர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். இன்னும் எட்டு மூட்டை பாக்கி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.