திரைக்குள்ளே

நோயாளியின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, வெந்நீர்ப் பேசினை ஸ்டூலின்மேல் வைத்து, மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திய பிறகு தொடங்குகின்ற அந்த இருபது நிமிஷ நேரத்தைத்தான், 34 வருஷ காலம் அரசாங்க மருத்துவமனைகளில் செவிலியாக ஊழியம் செய்த நான், என் தொழிலின் சாரம் என்று கருதுகிறேன். ஊசி போடுவதும், மருந்து கொடுப்பதும், நாடி பார்த்துக் குறிப்பதும் அத்தியாவசியமான காரியங்களே. அவற்றை வைத்தியருடைய உத்தரவின்பேரில் செய்கிறோம். எழுந்திருக்க இயலாத ஒருவருடைய சரீரத்தைக் கட்டிலில் வைத்தே துடைத்துச் சுத்தம் செய்யும் காரியமோ முழுவதும் எங்கள் பொறுப்பு.

தண்ணீரின் சூட்டை முழங்கையால் சோதித்து, சோப்புப் போடாத ஈரத்துணியால் முதலில் கண்களை மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைத்து, பிறகு ஒரு கையை மட்டும் போர்வைக்கு வெளியே எடுத்து, மணிக்கட்டிலிருந்து தோளை நோக்கி, ரத்தம் இருதயத்துக்குத் திரும்புகிற திசையிலேயே துடைத்து, உலர்த்தி, மறுபடியும் மூடிய பின்னரே அடுத்த கையைத் தொடவேண்டும். ஒரு சமயத்தில் ஓர் அங்கத்துக்கு மேல் திறந்திருக்கலாகாது என்ற நியமம் குளிர் தாக்காமலிருப்பதற்காக ஏற்பட்டது என்றே மாணவியாயிருந்தபோது எண்ணியிருந்தேன். மானத்தைக் காப்பதற்காகவும் அது ஏற்பட்டது என்பதை எனக்குப் போதித்தவர்கள் நோயாளிகள்தாம்.

முதுகைத் திருப்பும்போதுதான் செவிலிக்குப் பரீட்சை. அசையாமல் கிடப்பவருடைய எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் தோள்பட்டையிலும் புண் உண்டாகிறது. அவ்வாறு உண்டானால் அது பெரும்பாலும் வியாதியின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றமே என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். தோல் சிவப்பதே முதல் அடையாளம் என்பது புத்தகப் பாடம். வெயிலில் பாடுபட்டுக் கறுத்த நம் ஜனங்களின் தேகத்தில் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. புறங்கையை மெல்ல வைத்துப் பார்த்தால், சுற்றியுள்ள இடங்களைவிட ஓரிடம் சூடாகவோ கெட்டிப்பட்டோ இருப்பது தெரியும். அவ்விடத்தை ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு அழுத்தித் தேய்க்கும்படி எங்களுக்குக் கற்பித்தார்கள். நசுங்கிய தோலை அப்படித் தேய்ப்பது அதை மேலும் கெடுக்கும் என்று பிற்காலத்தில் தெரியவந்தபோது, எத்தனை முதுகுகளை எவ்வளவு சிரத்தையோடு தேய்த்திருக்கிறேன் என்று நினைத்து நான் பட்ட வேதனை இன்னமும் ஆறவில்லை. இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதே இந்தப் புண்ணுக்குச் சரியான காப்பு. இரவுப் பணியில் 40 நோயாளிகளுக்கு நான் ஒருத்தியாக நின்ற வார்டுகள் உண்டு. அங்கே இரண்டு மணி நான்கு மணியாயிற்று, அதனால் புண்ணும் வந்தது. ஆள் போதாமையால் வந்த புண்ணை அப்படியே சொல்லவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மதுரைப் பக்கத்தில் நான் வேலை பார்த்தபோது, பக்கவாதத்தால் இடது கையும் காலும் விழுந்துபோன முதிய விவசாயி ஒருவர் எங்கள் வார்டுக்கு வந்தார். பேச்சு தெளிவாயிருந்தது, விழுங்குவதிலும் தடையில்லை. ஆயினும் மூன்றாம் நாள் அவருடைய நாக்கு வறண்டு, சிறுநீர் கஷாயம்போல் நிறம் மாறியிருந்தது. தண்ணீர் குடிக்க மறுக்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்கள். பிடிவாதக்காரர் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்த அவருடைய மனைவி டம்ளரை நீட்டி நீட்டிச் சலித்துப்போயிருந்தாள்.

அன்று காலை அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, “ஏன் ஐயா, தாகமே எடுக்கலையா?” என்று கேட்டேன். முகத்துக்கு எதிரே நின்று கேட்டவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தவர், என் முகம் தெரியாத அந்த நிலையில், சுவரைப் பார்த்தபடி, “குடிச்சா ஒன்னயத்தான தாயி கூப்பிடணும்” என்றார்.

வயசுக்கு வந்த பேத்தியை ஒத்த ஒரு பெண்ணிடம் யூரினல் கேட்பதைக் காட்டிலும் நாக்கு வறண்டு கிடப்பதே மேல் என்று அவர் தீர்மானித்திருந்தார். நனைத்துப் பிழிந்த துணியை அவருடைய வலது கையில் கொடுத்து, மறைவிடத்தை அவரே சுத்தம் செய்துகொள்ளும்படி சொல்லிவிட்டுத் திரைக்கு வெளியே வந்து நின்றேன். அது முதல், பக்கம் மாற்றுவதற்குப் போகும்போதெல்லாம் அவர் கூப்பிடாமலே யூரினலையும் எடுத்துச் சென்று, போர்வைக்குள் நீட்டிவிட்டு விலகிக்கொண்டேன். என் பணி நேரம் முடிந்தபின் வந்தவர்களிடமும் அப்படியே சொல்லிவைத்தேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் அவர் தாமாகவே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கலானார்.

சரீரத்தின் தேவைகளையும் மனத்தின் தேவைகளையும் பாடப்புத்தகங்கள் தனித்தனி அத்தியாயங்களில் விவரிக்கின்றன. அந்தப் பெரியவரிடத்தில் தாகத்தையும் லஜ்ஜையையும் என்னால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு, தண்ணீரோ சோறோ வேண்டாம் என்று சொல்லும் எந்த நோயாளியையும் பிடிவாதக்காரர் என்று நான் எழுதியதில்லை.

அவர் வீடு திரும்புவதற்கு முன், தோல் உராயும்படி இழுக்காமல், அடியில் மடித்துப் போட்ட துப்பட்டியைப் பிடித்தே பக்கம் மாற்றும் விதத்தை அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது புறங்கையை வைத்துப் பார்த்தேன். முதுகு முழுவதும் ஒரே சீராகக் குளிர்ந்திருந்தது.

படுத்த படுக்கையாக ஒருவர் இப்போது உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்; சற்று நேரம் கழித்து, அவர் கூப்பிடுவதற்கு முன்னால், பெட்பேனை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். போகும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.