வற்றாத வேலை

'பெரெனியல்' என்னும் ஆங்கிலப் பெயரடையின் இலத்தீன் மூலத்தை நாம் முதன்முதல் சந்தித்தது குருமடத்தில். புனித தோமா அக்குவினாரின் வழிவந்த மெய்யியலை 'பிலோசோபியா பெரென்னிஸ்', அதாவது என்றுமுள்ள மெய்யியல் என்று ஆசிரியர்கள் பெருமையோடு சொல்லுவார்கள். ஆண்டு முழுவதும் நீடிப்பது என்பதே அதன் வேர்ப்பொருள். வற்றாத ஆற்றையும் அச்சொல்லாலேயே குறிப்பர். (நம் பாலாற்றுக்கு அது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

2019இல் அச்சொல்லை மீண்டும் நம்முன் கொணர்ந்தவர், ஒரகடத்தில் ஓர் ஆலையில் ஆறாண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளராய் உழைத்த நம் பங்கு இளைஞர். "சாமி, மனு எழுதணும். வக்கீல் இந்த வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருக்கார்" என்று ஒரு தாளை நீட்டினார். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 10ஆம் பிரிவு. ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யுமுன் அரசு கருதவேண்டியவற்றுள், அவ்வேலை 'பெரெனியல்' தன்மையுடையதா என்பதும் ஒன்று.

'நிரந்தரமான' என்று எழுதினோம். இளைஞரின் முகம் மலர்ந்தது. "அப்போ நான் நிரந்தரமா, சாமி?"

நம் பிழை அப்போதுதான் உறைத்தது. ஆலை வாசலில் 'நிரந்தரம்' ஆளைக் குறிக்கும் சொல். சட்டத்தின் பெயரடையோ வேலையின்மீது அமர்ந்திருந்தது. அவர் பொருத்திய பாகங்கள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தன. அவருடைய அடையாள அட்டை மட்டும் ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் மாறிற்று. தடையாணையே வந்தாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிடார் என்று 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அச்சொல்லை அடித்துவிட்டு 'வற்றாத' என்று எழுதினோம்.

ஆளைப் பார்க்கும் சட்டமும் உண்டு. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். நாள்களை எண்ணி அதையும் மனுவில் சேர்த்தோம். ஆனால் அவர் ஆலையின் ஆளா, ஒப்பந்தக்காரரின் ஆளா என்பதிலேயே வழக்கு நின்றுவிட்டது.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. இப்போது அளவுகோல் 'மையச் செயல்பாடு' என்பது. துப்புரவும் காவலும் உணவகமும் பொதுவாக அதற்குள் அடங்கா. அந்த வேலைகள் வற்றிவிடுமா என்ன?

இளைஞர் இன்று இருங்காட்டுக்கோட்டையில், வேறோர் ஒப்பந்தக்காரரிடம். சென்ற ஞாயிறு திருப்பலிக்குப்பின் நலம் விசாரித்தோம்.

"அதே பாகம்தான் சாமி" என்றார்.