மாற்ற வேண்டியது பிடி மட்டும்தான்

காணொளிகளைப் பார்த்துவிட்டு போர்ட் கிள்ளான் தம்பிகள் சிலர் கேட்கிறார்கள்: "அண்ணே, பிஸ்டலோட வந்த ட்ரிகர், ஸ்பிரிங்கையெல்லாம் கழட்டிட்டு வேற கம்பெனி சாமான் போட்டா நல்லா சுடுமா?"

முதலில் சட்டம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர் பிஸ்டலும் ஆயுதம்தான். துப்பாக்கியின் உதிரிபாகமும் ஆயுதம்தான். இணையத்தில் ஆர்டர் போட்டு வாங்குகிற சாமான் இல்லை.

அடுத்தது பாதுகாப்பும் போட்டி விதியும். தோட்டா போடும் பிஸ்டலில், ட்ரிகர் இலகுவாகட்டும் என்று ஸ்பிரிங்கை மெலிதாக்கினால், உள்ளிருக்கும் ஊசி தோட்டாவின் அடியில் போதிய வேகத்தில் தட்டாமல் போகலாம், தோட்டா வெடிக்காது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியிலோ, ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பதே விதி.

மாற்றத் தகுந்தது பிடி. மரப்பிடியை உள்ளங்கைக்கு ஏற்ப இழைத்துப் பொருத்திக்கொள்வது போட்டியாளர்களின் வழக்கம்.

பதக்கத்துக்குச் சாமான் மட்டும் காரணமில்லை: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிக்கெச், சிறப்புக் கண்ணாடி எதுவும் இல்லாமலே ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்றார்.

தம்பிகளே, அங்கீகாரம் பெற்ற கிளப்பில் சேருங்கள். காசைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். கை ஆடாமல் ட்ரிகரை இழுக்கப் பழகிய விரல் எந்தக் கடையிலும் கிடைக்காது.