வண்டி டாப்பில் ஒரு துளை

கார் வைத்திருப்பவர்கள் அதன் கூரையைப் பார்ப்பதேயில்லை. டயரை உதைத்துப் பார்ப்போம், பம்பரில் கீறல் விழுந்தால் குனிந்து விரலால் தடவிப் பார்ப்போம். கூரை யார் கண்ணிலும் படாது. எங்கள் வண்டியின் ஆண்டெனா மூடி உடைந்து கிடந்ததைக்கூட, மொட்டை மாடியில் மிளகாய் காயவைக்கப் போன என் மனைவிதான் முதலில் கண்டாள். "மேலே என்னமோ பச்சையா சர்க்யூட் தெரியுதே, அது அப்படித்தான் இருக்கணுமா?" என்று கேட்டாள். அப்படி இருக்கக் கூடாது.

கார்க் கூரையின் பின்கோடியில் சுறாத் துடுப்பு போல் ஒன்று நிற்குமே, அதன் மேல்மூடி. வண்டிக்குப் போர்த்தும் கவரைப் பின்பக்கமிருந்து யாரோ வேகமாக உருவியிருக்கிறார்கள். கவரின் எலாஸ்டிக் மூடியில் மாட்டி இழுத்துவிட்டது. ஆனால் எலாஸ்டிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த மூடிகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. ஏ.பி.எஸ். அடியைத் தாங்கும், வெயிலை அவ்வளவாகத் தாங்காது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேல்பரப்பு வெளிறி, உள்ளுக்குள் மொறுமொறுப்பாகிவிடும். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரான மாதனூரில் மர நிழல் இல்லாத வாசலில் சில கத்திரிகளைக் கழித்த பிளாஸ்டிக்குக்கு ஓர் இழுப்பு போதும்.

உடைந்த பிறகும் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாட்டு வாங்குவது மூடியின் வேலையே அல்ல. எஃப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் நடக்கிறது. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதை நன்றாகப் பிடிக்க, அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் அளவில் ஒரு கம்பி வேண்டும். கூரையின் இரும்புத் தகடே அந்தக் கம்பிக்கு மறுபாதியாக நின்று உதவும். பழைய கார்களில் அவ்வளவு நீளக் கம்பி ஆடிக்கொண்டு நின்றதற்கு அதுதான் காரணம். தெருப் பிள்ளைகள் ஒடித்துக்கொண்டு போவதற்கும் அது தோதாக இருந்தது. பிறகு கம்பியைச் சுருளாக்கிக் குட்டையாக்கினார்கள். குட்டையானதால் குறைந்த சிக்னலை ஈடுகட்ட அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பி.எம்.டபிள்யூ. கார்களில் பிரபலமான இந்தத் துடுப்பு வடிவம் இப்போது நடுத்தர வர்க்கத்தின் வண்டி வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. பல வண்டிகளில் ஜி.பி.எஸ். ஆண்டெனாவும் அதற்குள்ளேயே குடியிருக்கிறது.

ரேடியோ அலை பிளாஸ்டிக்கை ஊடுருவிப் போய்விடும்; உலோகத்தை ஊடுருவாது. அதனால்தான் மூடியை பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். மூடியின் வேலை வெறும் குடை வேலை. மழையும் தூசியும் படாமல் சர்க்யூட்டைக் காப்பாற்றுவது, அடியில் உள்ள ரப்பரை வெயிலிலிருந்து மறைப்பது. பாட்டுதான் கேட்கிறதே என்று சும்மா விட்டுவிடுகிற ஆசை இங்கேதான் வரும். அந்த ரப்பருக்குக் கீழேதான் கூரைத் தகட்டில் துளை போட்டு போல்ட்டையும் ஒயரையும் உள்ளே இறக்கியிருக்கிறார்கள். மூடி போனால் ரப்பர் சுருங்கும். ரப்பர் சுருங்கினால் துளை விழித்துக்கொள்ளும். நாங்களும் அப்படி விட்டுவைத்ததில், ஐப்பசி மழையில் ஒரு நாள் உள்விளக்கைச் சுற்றித் தேநீர் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. லைனிங் துணியைத் தொட்டால் சில்லென்றிருந்தது. கண்ணாடியை ஏற்றினால் ஒரு புழுங்கல் வாசம். தோல் ஷெட் காற்றில் வளர்ந்த எங்கள் மூக்குக்கு எந்த வாசமும் பெரிதில்லை என்று பேர். இது எங்களுக்கே பொறுக்கவில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டேன். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். "மூடி மட்டும் வராது சார், அசெம்ப்ளியாத்தான் வரும். பெயின்ட் அடிச்ச பீஸ் ஸ்டாக் இல்ல. ரூஃப் லைனிங் இறக்கணும், லேபர் தனி" என்றார்கள். நல்ல ஆண்டெனா, நல்ல ஆம்ப்ளிஃபயர், நல்ல ஒயர் எல்லாவற்றையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குடைக்காக முழு விலை கொடுக்க வேண்டும். உதிரிபாகக் கடையில் வேறு வழி காட்டினார்கள்: உள்ளே எதுவுமே இல்லாத பொய்த் துடுப்பு, அடியில் இரட்டைப் பக்க டேப். அதை அப்படியே மேலே ஒட்டிக்கொள்ளலாமாம். காருக்கு வாங்கக் கூடிய பயனற்ற பொருள்களின் பட்டியலில் இதற்கு முதலிடம் தருவேன். அழகுக்கு வைத்தாலும் டேப் இளகினால் பின்னால் பைக்கில் வருபவர் முகத்தில் போய் அடிக்கும்.

'அசெம்ப்ளி' என்ற பதிலை இந்த ஊர்க்காரன் எவனும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டான். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் இருக்கிறோம். விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனி பஸ்கள் போகிற ரோடு இது. ஒரு ஷூவை எடுத்துக் கையில் கொடுத்தால், அப்பர் எங்கே தைத்தது, லைனிங் என்ன தோல், இன்சோல் எந்த ஷெட்டில் வெட்டியது, சோல் எப்படி ஒட்டியது என்று பிரித்துச் சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு, கூலி உண்டு, விலை உண்டு. மூடியை ஒருவர் தனியாக வார்த்துத்தானே இன்னொருவர் மாட்டியிருக்கிறார்? வார்க்கும்போது தனியாக இருந்த பொருள் விற்கும்போது மட்டும் எப்படித் தனியாக இல்லாமல் போகிறது?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்ததல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீட்டில் சிலருக்குத் தொகை குறைந்தது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென்று ஒரு இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் நல்லதுதான். ஆனால் பாகம் கிடைப்பது வேறு, நமக்கு உடைந்த அளவுக்கு மட்டும் கிடைப்பது வேறு. பின்னதைப் பற்றி யாரும் இன்னும் உரக்கப் பேசவில்லை.

கடைசியில் உடைந்த துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் போனேன். இப்போது வீட்டுத் திண்ணையில் பை, செருப்பு தைக்கிறார். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இன்னாங்க சார் இது, உடும்புத் தலையாட்டம் கீது" என்றார். டியூப் பசை வைத்து ஒட்டலாமா என்று கேட்டேன். "அது ஒட்டும் சார், வெயில்ல நிக்கிற சாமானுக்கு ஆகாது. கண்ணாடியாட்டம் ஒடஞ்சிடும்."

அவர் வேலை செய்த விதத்தைப் பார்க்க வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். உடைந்த விளிம்புகளை எமரிப் பேப்பரால் நெருடினார். பளபளப்பாக இருந்தால் பசை பிடிக்காது. தோலாக இருந்தால் கம்பி பிரஷ், பிளாஸ்டிக்காக இருந்தால் எமரி. சோல் ஒட்டும் பி.யூ. பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி ஓரமாக வைத்துவிட்டு, வேறு ஒரு பையின் ஜிப்பை எடுத்துத் தைக்கத் தொடங்கிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "காய்ஞ்சிடப் போவுதுங்க" என்றேன். "காயணும் சார். ஈரத்துல ஒட்டறது வூட்டுக்காரங்க வேல" என்றார். புறங்கையை வைத்துப் பார்த்து, ஒட்டாத பதம் வந்ததும், தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டி, இரண்டு துண்டையும் ஒரே முறையில் பொருத்தி அழுத்தினார். கம்பெனியில் இதற்கு ஹீட்டரும் பிரஸ்ஸும் உண்டு. இங்கே டிரையரும் முழங்காலும். உடைந்து போன கொக்கிகளுக்கு இந்தப் பசை போதாது என்று, இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸியை உள்பக்கமாக வைத்து மேடு கட்டினார்.

மூடி ஒட்டிவிட்டது, துளைக்கு? "இந்தா" என்று செருப்புக்கு வெட்டிய மிச்சத்தில் ஒரு இ.வி.ஏ. ஷீட்டை நீட்டினார். அதை எடுத்துக்கொண்டு, நெடுஞ்சாலையோரம் பாடி வேலை செய்யும் டிங்கர் தம்பியிடம் போனேன். அவன் அதை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு ஒதுக்கினான். "அழுத்தினா படிஞ்சிடும்ண்ணே, திரும்பி எழாது. டாப் கொதிக்கிற சூட்டுக்கு இது நிக்காது" என்று கெட்டி ரப்பர் ஷீட்டில் வாசர் வெட்டினான். பெரியவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. சிலிகான் வைக்கும்போதும் தம்பி டியூபை முகர்ந்து பார்த்துத்தான் எடுத்தான். காடி வாசம் வரும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அது செம்பையும் சர்க்யூட்டையும் அரிக்கும். வாசமில்லாத நியூட்ரல் வகைதான் இந்த இடத்துக்கு. லைனிங்கை முழுக்க இறக்காமல் பின்ஓரம் மட்டும் தளர்த்தி, கையை விட்டு நட்டை முடுக்கினான். கூரை ஓரங்களில் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் இந்த வேலையைப் பழகாத கையிடம் கொடுக்கவே கூடாது. நட்டை வெறிகொண்டு முடுக்கவும் கூடாது. தகடு குழிந்தால் அந்தக் குழியிலேயே தண்ணீர் தேங்கும்.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் நான் என் பிடிவாதத்தில் நின்றேன். மினுமினுக்கும் மெட்டாலிக் பெயின்டில் அலுமினியத் துகள் இருக்கிறது. கம்பெனிகள் அதைக் கணக்குப் பார்த்து மெல்லிசாக அடிக்கும். ரோட்டோரத்தில் மூன்று கோட்டு அடித்தால் ரேடியோவுக்கு நாமே தடை வைத்ததாகும். சாதாரணக் கறுப்பு போதும் என்றேன். வெள்ளை வண்டியில் கறுப்பு மூடி எடுப்பாகத் தெரிகிறது. ஒட்டுத் தையலும் கிட்டத்தில் போனால் தெரியும். அலுமினியம் ஒட்டிய மழை டேப்பைப் போட்டு மூடியவர்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் நிற்கும், பாட்டும் நிற்கும்.

ஒட்டியதுதான் எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் நனைந்து பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் புதிதாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். அடித்தட்டே விரிசல் விட்டிருந்தால் எந்தப் பசையும் நிற்காது. மேல்மூடி மட்டும் போயிருந்தால் முழு அசெம்ப்ளிக்குக் காசு கொடுக்காதீர்கள். கவுண்டரில் பாகத்தின் எண்ணைக் கேளுங்கள். தனியாக விற்பதில்லை என்றால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அதில் இருக்கும் ஆண்டெனா உங்களுடையது. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எது எப்படியானாலும் துளையை ஐப்பசிக்கு முன் அடைத்துவிடுங்கள்.