கட்டத்துக்குள் வரையத் தெரிந்தவர்

ஒரு தபால்காரர் சைக்கிளில் ஏரிக்கரை வழியாக ஊர் ஊராகப் போகிறார். நான் செய்துகொண்டிருக்கும் கேமின் கதை அவ்வளவுதான். அதை ஓட்டும் என்ஜினையும் நானே சி மொழியில் எழுதுகிறேன். ஆபீஸ் விட்டு வந்தபின் கிடைக்கும் நேரமெல்லாம் அதற்குத்தான். திரை, 1989-இல் வந்த நின்டெண்டோவின் கேம் பாய் அளவு: அகலம் 160 பிக்சல், உயரம் 144. அதைப் போலவே நான்கே சாயல்கள். டிவியில் கேசட் செருகி மரியோவும் கான்ட்ராவும் ஆடி வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்தச் சின்னச் சின்னக் கட்டப் படங்களின் மேல் இருந்த பிரியம் எனக்கு இன்னும் குறையவில்லை.

என்ஜின் ஓடியது. சைக்கிள் மேட்டில் மெதுவாக ஏறியது, இறக்கத்தில் வேகம் பிடித்தது. ஆனால் திரையில் தெரிந்த தபால்காரர் ஒரு கறுப்புச் செவ்வகம். ஏரி ஒரு சாம்பல் செவ்வகம். எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நிரல், படம், இசை எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்து 2016-இல் ஸ்டார்ட்யூ வேலியை வெளியிட்டார். அது அவருடைய வரம். எனக்கு வரைகிறவர் வேண்டும்.

ஓவியம் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. பலர் காட்டிய படங்கள் அருமையாக இருந்தன. ஆனால் பெரிய ஓவியத்தைச் சுருக்கினால் அது பிக்சல் ஓவியம் ஆகிவிடுவதில்லை. என் தபால்காரருக்கு 16-க்கு 16, மொத்தம் 256 கட்டம். அதில் கண்ணுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கட்டம். மென்பொருளைச் சுருக்கச் சொன்னால், அந்த ஒரு கட்டத்தில் கண், புருவம், கன்னம் மூன்றையும் கலந்து ஏதோ ஒரு நிறத்தை வைத்துவிடும். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க ஒரு மனிதக் கண் வேண்டும். 1981-இல் டாங்கி காங் கேமுக்காக ஷிகெரு மியாமோட்டோ மரியோவை வரைந்தபோது, அத்தனை சின்ன முகத்தில் வாய் வரைய முடியாது என்று மீசை வைத்தார். தலைமுடி சரிவராது என்று தொப்பி போட்டார். கை ஆடுவது தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டைக்கு மேல் வேறு நிறத்தில் ஓவரால் மாட்டிவிட்டார். உலகமே அடையாளம் காணும் அந்த உருவம் முழுக்க இடப் பற்றாக்குறையில் பிறந்தது. இந்தக் கலையில் நான் மதிப்பதும் அதைத்தான்.

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் பெண் ஒருவரைப் பற்றி நண்பர் சொன்னார். கேம் பக்கமே போகாதவர். கேட்டதுமே போய்ப் பார்த்தேன், காரணம் அவருடைய தொழில். ஜக்கார்டு தறியில் நெய்யும் கரை, முந்தி, புட்டா எல்லாம் முதலில் கிராப் தாளில்தான் பிறக்கின்றன. பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் இடம் ஒரு கட்டம். நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் துளை விழும். துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே எழும். அவருடைய அப்பா தாளில் பென்சிலால் நிரப்பியதை இவர் கம்ப்யூட்டரில் நிரப்புகிறார். கட்டத்துக்குள் கட்டுப்பட்டு வரைவது அந்த வீட்டில் இரண்டு தலைமுறைப் பழக்கம்.

அவர் கேட்ட முதல் கேள்வியே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. “உங்க கட்டம் சதுரமா சார்?”

ஏன் கேட்கிறீர்கள் என்றேன். “ஊடை நெருக்கமா விழுந்தா பூ சப்பையாயிடும். அதனால கிராப்லயே கொஞ்சம் உயரமா இழுத்து வரைவோம்.”

பழைய டிவி கேம்களிலும் இதே கதைதான். நின்டெண்டோவின் முதல் கேசட் பெட்டி தந்த 256 பிக்சல் அகலத்தை டிவி தன் அகலத்துக்கு விரித்துக் காட்டும்போது, ஒவ்வொரு பிக்சலும் உயரத்தைவிட அகலம் கூடிவிடும். தறியில் உட்கார்ந்தவருக்கு இது கைப்பழக்கம். என் கட்டம் சதுரம்தான், திரையை முழு ஐந்து மடங்காக 800-க்கு 720 என்று பெரிதாக்குகிறேன் என்றேன். நாலரை மடங்கு என்றால் சில கட்டம் நாலாகவும் சில கட்டம் ஐந்தாகவும் வந்து முகம் கோணிவிடும். சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டார்.

மாதிரிக்கு ஒரு மாங்காய் வரைந்து காட்டினார். அதன் வளைவைக் கட்டம் கட்டமாக எண்ணினேன்: 5, 3, 2, 1, 1. அங்கே திரும்பி, செங்குத்தாக 2, 3, 5. படிகள் ஒழுங்காக இறங்கி, திரும்பியபின் ஒழுங்காக ஏறுகின்றன. நடுவில் 3-க்குப் பிறகு 1, மறுபடி 2 என்று வந்தால் வளைவு நொண்டும். பிக்சல் ஓவியர்கள் முதல் பாடமாகப் படிப்பது இதைத்தான்.

தபால்காரரை அவரிடம் ஒப்படைத்தேன். தோளில் குறுக்காகப் பை, தலையில் தொப்பி, கீழே இரண்டு சக்கரம். வலப்பக்கம் போகிற படத்தை மட்டும் வரைந்தால் போதும், இடப்பக்கம் திரும்பும்போது என்ஜினே அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தேன். பழைய பெட்டிகள் நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்த வழி அது. அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, “திரும்பினா பை இந்தத் தோள்லேர்ந்து அந்தத் தோளுக்குத் தாவுதே சார்” என்றார். பையைத் தோளிலிருந்து எடுத்து ஹேண்டில்பார் நடுவே தொங்கவிட்டார். தாவல் நின்றது, முதுகும் கையும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. என்ஜினில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. படம் வரைகிறவரைக் கடைசியில் கூப்பிடக்கூடாது, ஆரம்பத்திலேயே பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

எழுத்துரு விஷயத்தில் என்ஜினே மாறியது. பழைய கேம்களின் ஆங்கில எழுத்து 8-க்கு 8 கட்டத்தில் அடங்கிவிடும். என் தபால்காரர் தமிழ் பேசுகிறவர். ஒரு சுழி தெரிய வேண்டுமானால் நடுவே ஒரு கட்டம் காலியாகவும் இருபுறமும் நிறைந்தும் இருக்க வேண்டும். சுழிகள் சுவரைப் பகிர்ந்துகொண்டாலும் மூன்று சுழி ண-வுக்கு ஏழு கட்டம் போய்விடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதன் கீழ் இடைவெளிக்கும் மேலே இரண்டு வரிசை வேண்டும்; ‘மூ’, ‘கூ’ போன்றவற்றின் வால்களுக்குக் கீழே இரண்டு. எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது நான்கே வரிசை. நான்கில் ண-வையும் ஞ-வையும் படிக்கும்படி எழுதவே முடியாது. உயரத்தைப் 12 ஆக்கினோம், அகலத்தை எழுத்துக்குத் தக்கபடி விட்டோம். உகர, ஊகார வரிசைகளில் ஒவ்வொரு எழுத்தும் தனி உருவம் என்பதால் 18 மெய்க்கு 36 படம் தனியாக வரைய வேண்டும். இப்போது ‘ழு’ வரை வந்திருக்கிறார். அவர் வரைந்த ‘ஞூ’-வை என்னால் பார்த்துக்கொண்டே இருக்க முடிகிறது.

கூலி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. “விற்றால் பங்கு தருகிறேன்” என்று ஓவியரிடம் கேட்பது நியாயமே இல்லை. அவர் வேலை செய்வது இன்று, விற்பனை என்றைக்கோ. மாதிரி மாங்காய்க்கும் சேர்த்துப் பணம் கொடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை திருத்தம் என்பதையும் முன்னதாகவே பேசி எழுதிக்கொண்டோம். தலைப்புத் திரையில் என் பெயருக்கு மேலே அவர் பெயர் வரும்.

ஒப்பந்தத்தில் அவராகக் கேட்டுச் சேர்த்த வரி ஒன்று உண்டு. ஏரிக்கரைக் கம்பத்தில் உட்கார ஒரு மீன்கொத்தி வரைந்தார், 14 கட்ட அகலம். அதைச் சேலைப் புட்டாவாகவும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டத்தைக் கொஞ்சம் உயரமாக இழுத்து, தறிக்கு ஏற்றபடி அதை மாற்றி வரைந்துகொண்டிருக்கிறார்.