கோச் வீட்டுக் கதை

குமாரபாளையத்தில் ஒரு கல்லூரியில் கால்பந்து கோச்சாக இருக்கிறார் என் கணவர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகிறது. சாயந்திரம் ஐந்து மணிக்கு அவரை வீட்டில் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "பந்து விளையாடறதுக்கு மாசச் சம்பளமா? கொடுத்து வச்சவர்!" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

எங்கள் ஊர் தறி ஊர். குழுவில் சில பையன்கள் ராத்திரியெல்லாம் விசைத்தறி ஓட்டிவிட்டு, சிவந்த கண்ணோடு காலை ஆறு மணிக்கு மைதானத்தில் வந்து நிற்பார்கள். எவன் சாப்பிட்டான், எவன் சாப்பிடவில்லை என்று முகத்தைப் பார்த்தே இவர் சொல்லிவிடுவார். உடனே எனக்குப் போன் வரும். முளை கட்டின பச்சைப்பயறு, அவித்த முட்டை எல்லாம் தூக்குப் போசியில் போகும். போட்டியன்று ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி; எண்ணெய்ப் பலகாரம் கூடாது. இந்தச் சட்டமெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம்.

இவருக்குத் தெய்வம் மாதிரி ஒருவர் உண்டு. ஐதராபாத் சையத் அப்துல் ரஹீம். அவரும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான். அவர் பயிற்சியில் ஐதராபாத் போலீஸ் குழு 1950 முதல் 1954 வரை வரிசையாக ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவது அவருக்குப் பிடிக்காதாம். வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குக் கொடு என்பாராம். இவரும் அதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொள்வார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினோம். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல் போட்டார். அதற்கப்புறம் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கமே இல்லை. இந்தக் கதையை எங்கள் வீட்டில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

ஆனால் கதையின் மிச்சத்தை இவர் வேகமாகச் சொல்லி முடித்துவிடுவார். அந்தத் தங்கம் வந்து பத்து மாதம்கூட ஆகவில்லை, 1963 ஜூனில் புற்றுநோயால் ரஹீம் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. 2024-ல் வந்த 'மைதான்' படத்தில் அவர் இருமிக்கொண்டே பயிற்சி கொடுக்கிறார். இவர் கண் கலங்கிப் பார்த்தார். எனக்கோ, ராத்திரி அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள் நினைவுதான் வந்தது. தியாகம் என்று ஊர் கைதட்டும். வீட்டில் இருப்பவர்கள் எதைத் தட்டுவது?

நான் இப்படிப் பேசக் காரணம் இருக்கிறது. போன வருஷம் பல்கலைக்கழகப் போட்டி நெருங்கும்போது, ஓடினால் இவருக்கு நெஞ்சில் பாரம் ஏறும், நின்றால் இறங்கிவிடும். "ஏனுங்க, டாக்டர்கிட்ட போலாமுங்க" என்றால், "அட, வாயுதான் அம்மிணி. மேட்ச் முடியட்டும்" என்பார். எட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிற உடம்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பில்கூட வலி சரியாகத் தெரியாமல் போகலாம். மூச்சு வாங்குவதும் வியர்த்துக் கொட்டுவதும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். இதை நான் ஒரு மருத்துவப் பக்கத்தில் படித்து வைத்திருந்தேன். நடக்கும்போது நெஞ்சு கனத்து, உட்கார்ந்தால் சரியாகிறது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள்.

நான் மைதானத்துக்கே போய்விட்டேன். பையன்கள் முன்னால் வைத்து, "உங்க சாருக்கு நெஞ்சு வலிக்குது, அவரை அனுப்பி வையுங்க" என்றேன். இவர் முறைத்தார். கோல் கீப்பர் பையன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்க போயிட்டு வர்ற வரைக்கும் பிராக்டிஸ் இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டான்.

அன்று சாயந்திரமே ஈரோட்டுக்குப் போனோம். ஒரு ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். போட்டிக்குப் பையன்கள் இவர் இல்லாமலே போய், அரையிறுதியில் தோற்று வந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அந்த இரண்டாவது கோல் எப்படி விழுந்தது என்று ஒருவன் விடாமல் விசாரித்தார்.

இப்போது டாக்டர் மைதானத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். பையன்களோடு ஓடத்தான் கூடாது. கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்ததுதான். அதில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காருகிறாரா என்று கோல் கீப்பர் பையனிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.