சூரியனுக்கு எந்த மலையில் இடம் பிடிப்பது?

கொடைக்கானல்னா நம்ம மக்களுக்கு ஏரி, படகு, சாக்லேட், குணா குகை. ஊருக்கு மேலே, சுமார் 2,343 மீட்டர் உயரத்தில், நூறு வருஷத்துக்கும் மேலா ஒரு சூரிய ஆய்வகம் இருக்கு. அதை ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே கொண்டுபோய் வச்சாங்க? சர்வரை எங்கே வைக்கலாம்னு ஆபீஸில் மண்டையை உடைச்சுக்கிற ஆள் நான். அதனால இந்தக் கேள்வி என்னை விடலை.

கதை தாது வருஷப் பஞ்சத்தில் ஆரம்பிக்குது. 1876-78ல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்து லட்சக்கணக்கில் ஜனங்க செத்தாங்க. பஞ்சத்துக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கும்னு அன்றைக்குப் பலர் நம்பினாங்க. அப்படின்னா சூரியனைத் தினமும் பார்க்கணும். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஒரு வான் ஆய்வகம் இருந்தது. ஆனா கடலோர ஈரக்காற்றும் தூசியும் இந்த வேலைக்குச் சரிப்படாது.

1880களில் மிச்சி ஸ்மித் என்பவர் பழனி மலை, நீலகிரி ரெண்டிலும் சுற்றி, வானம் எவ்வளவு தெளிவு, காற்று எவ்வளவு நிதானம்னு சோதிச்சார். வசதின்னு பார்த்தா கொடைக்கானல் தேறாது. மோட்டார் சாலையே கிடையாது. அடிவாரத்திலிருந்து நடை, மட்டக்குதிரை, இல்லேன்னா ஆள் தூக்கும் டோலி. ஆனாலும் 1893ல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத்தான் தேர்ந்தெடுத்தது. உயரம், தூசியில்லாத காற்று, நல்ல தெற்கு. இந்த மூணும் சாலையை ஜெயிச்சிருச்சு. சாலையைப் பின்னாடி போட்டுக்கலாம், வானத்தைப் போட முடியாதே :-)

1899 ஏப்ரல் 1 அன்று ஆய்வகம் முறைப்படி தொடங்கி, 1901ல் வேலை ஆரம்பிச்சது. 1909ல் அங்கே ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடிச்சார். இன்றைக்கும் உலகம் பூரா அது எவர்ஷெட் விளைவுதான்.

எதுக்காக ஆரம்பிச்சாங்களோ அது மட்டும் நடக்கலை. புள்ளிகளை எண்ணி மழையைக் கணிக்க முடியலை. அப்போ செலவெல்லாம் வீணா? இங்கேதான் எனக்கு விஷயமே இருக்கு. வானம் விட்ட நாளெல்லாம் அவங்க சூரியனைப் படம் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஆட்சி மாறிச்சு, நாடு மாறிச்சு, வேலை நிக்கலை. நூறு வருஷத்துக்கும் மேலான கண்ணாடித் தகடுகளும் ஃபிலிம்களும் சேர்ந்து, இப்போ இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை டிஜிட்டல் ஆக்கி ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து வச்சிருக்கு. 1910களில் சூரியன் எப்படி இருந்ததுன்னு இன்னிக்குத் தேவைப்பட்டா, திரும்பப் போய் எடுத்துட்டு வர முடியுமா?

வேலை மாறினப்போ புது இடமும் தேடியிருக்காங்க. இரவு வானத்துக்காக வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடிச்சார். 1968ல் அங்கே வேலை தொடங்கியது. பிறகு லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே. அங்கிருக்கிற 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டையில் உட்கார்ந்தே செயற்கைக்கோள் வழியா இயக்குறாங்க. அதுக்காகக் கொடைக்கானலை இழுத்து மூடிடலை.

நாலு பேர் பொதுச் சொத்தை எங்கே வைக்கலாம்னு பேசும்போதெல்லாம் முதல் கேள்வி, எது ஈஸி, எது சீக்கிரம்? மிச்சி ஸ்மித் கேட்டது வேற: எதைப் பின்னாடி சரிபண்ண முடியும், எதை முடியவே முடியாது? அடுத்து, அங்கே தினமும் யார் வேலை பார்க்கப் போறாங்க, சேர்த்ததை நாளைக்கு வெளியே எடுத்துத் தர முடியுமா? இதுக்குப் பதில் தெரிஞ்சா டோலியில் போகிற மலை உச்சியானாலும் பரவாயில்லைன்னுதான் எனக்குத் தோணுது. உங்களுக்கு?